நாய் நுழையும் அளவு

சோக்சோ என்ற கடலோர ஊரில் ஒரு நாய் சோர்ந்து படுத்தால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள்: ஹ்வாங்தே சாறு வைத்துக் கொடு. குளிர்காலம் முழுக்க மலைக்கணவாயில் மரச்சட்டங்களில் தொங்கி, இரவில் உறைந்து, பகலில் உருகி, கடைசியில் மஞ்சளித்துப் போகிற பனிக்கருவாடு அது. பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், முந்தின நாள் குடித்துத் தலை தூக்க முடியாதவனுக்கும் அதுதான், குட்டி போட்ட நாய்க்கும் அதுதான். புன்ஹீ இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாற்றைக் காய்ச்சிப் பிழைத்தவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் காலை ஐந்து மணிக்கு அண்டாவை ஏற்றினாள் என்றால் மூன்று மணிக்குத்தான் உட்காருவாள். அவளுக்குப் போய்க் கருவாட்டை எப்படி ஊறவைப்பது என்று யார் சொல்லித்தர முடியும்? அந்த நினைப்புதான் அவளைக் கெடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

அவளுக்கு ஒரே மகன், ஹன்சோல். முப்பத்து மூன்று வயது. தலைநகரத்தில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் பையோடு வந்து நின்றான். அறைக்குள் போனான், கதவைச் சாத்தினான், அவ்வளவுதான். கம்பெனியில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், இன்றுவரை தெரியாது. புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புன்ஹீ தனியாகக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள், திட்டினாள், ஒரு தடவை சுத்தியலைக்கூடக் கையில் எடுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைப்பாள், காலித் தட்டு திரும்ப வந்திருக்கும். மூன்று வருஷம் தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டது அந்தத் தட்டின் வழியாகத்தான்.

அப்போதுதான் சோமி வந்தது. கடைக்கார அம்மாவின் தங்கை வெளிநாடு கிளம்பும்போது விட்டுப்போன வெள்ளைக் குட்டை நாய். சோம் என்றால் பஞ்சு. வரும்போதே ஏழு வயது. ரெண்டு நாள் வைத்துக்கொள் என்று சொல்லித்தான் புன்ஹீயின் தலையில் கட்டினார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க அது வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் ஹன்சோலின் அறைக்கதவை முன்னங்காலால் சுரண்ட ஆரம்பித்தது. தாய் மூன்று வருஷம் தட்டியும் திறக்காத கதவு நாய் கால் மணி நேரம் சுரண்டியதற்குத் திறந்தது. புன்ஹீக்கு அழுகையும் வந்தது, பொறாமையும் வந்தது. இரண்டையும் ஒளிக்கிற ஆள் இல்லை அவள்.

அன்றிலிருந்து அந்தக் கதவு மூடவே இல்லை. ஒரு நாய் நுழையும் அளவுக்கு, சரியாக ஒரு சாண், எப்போதும் திறந்திருக்கும். அந்தச் சந்தில் புன்ஹீக்கு மகனுடைய கால் தெரியும், மேசையின் ஓரம் தெரியும், சில சமயம் அவன் நாயோடு பேசுகிற குரல் கேட்கும். ஒரு மாதத்தில் அவன் விடியற்காலையில் சோமியை நடக்கக் கூட்டிப்போனான். யாரும் எழுந்திராத நேரம் பார்த்துத்தான் போவான், ஆனாலும் போனான். மழை, பனி, எதற்கும் நின்றதில்லை. காற்றுப் பட்டு அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. முடி வெட்டிக்கொண்டான். குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டினான்: ஒன்றாம் தேதி இதயப்புழு மாத்திரை, ஞாயிறு எடை, புதன் காது, பதினைந்து நாளைக்கு ஒரு முறை நகம். நடந்துவிட்டு வந்ததும் கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பான். தினம் சாயங்காலம் மடியில் போட்டுப் பல் தேய்ப்பான். தன் பல்லைத் தேய்க்க மறந்து கிடந்த பயல்.

"எனக்கு ஒரு நாள் நகம் வெட்டி விட்டிருப்பியாடா?" என்று சந்து வழியாக ஒரு தடவை கேட்டாள்.

"நீ கடிப்ப," என்றான் அவன் உள்ளேயிருந்து. புன்ஹீ அதைக் கடையில் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் வேடிக்கை பேசிவிட்டான்.

பத்து வயதில் சோமிக்கு இருமல் வந்தது. இதயத்து வால்வு தேய்ந்துவிட்டது, இந்த ஜாதிக்கு இது சகஜம் என்றார் மருத்துவர். காலை எட்டு, இரவு எட்டு என மூன்று மாத்திரை, உப்புக் குறைத்த மருத்துவத் தீனி, வேறெதுவும் கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் சரி, அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும். ஹன்சோல் ஒரு நோட்டு போட்டான். சோமி தூங்கும்போது பக்கத்தில் குப்புறப் படுத்து, விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுவான். இருபத்திரண்டு. இருபத்து நான்கு. இருபத்து மூன்று. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. புன்ஹீக்கு அந்த எண்கள் மனப்பாடம். நாயின் மூச்சு ஓடுகிற வரைக்கும் மகன் கதவு திறந்திருக்கும் என்பதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் ராத்திரி படுக்கும்போது அதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

இந்த மார்ச் மாதம் சோமி தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தது. ஹன்சோல் வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தான், உருண்டை பிடித்து ஊட்டினான், ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சினான். எடை குறைந்தது. அவனும் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டு பாதியாகத் திரும்பி வந்தது. பழைய நாட்கள் திரும்புகின்றன என்று புன்ஹீ பயந்தாள்.

கடையில் கடைக்கார அம்மாவிடம் சொன்னாள். அவள் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "ஏங்க்கா, ஊரெல்லாம் உன் சாறு குடிச்சு எந்திரிச்சு நடக்குது. உன் வீட்டு நாய் பட்டினி கெடக்குதா?"

மறுநாள் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்ததும் ஒரு கைப்பிடி கருவாட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஹன்சோல் மதியத்திலிருந்து நாலரை வரை தூங்குவான். கருவாட்டை ஒரு தண்ணீரில் முக்கி எடுத்தாள். அவள் கைக்கு அதுதான் பழக்கம். மனிதர்களுக்கு வைக்கும் சாற்றுக்கு அதிகம் ஊறவிட்டால் ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும், முக்கியதும் பிழிந்து சட்டியில் போட வேண்டும். நாய்க்கு வைக்கிறவர்கள் அரை நாள் ஊறவைத்து, நாலு தண்ணீர் மாற்றி, கடல் உப்பை வெளியேற்றிவிட்டுத்தான் காய்ச்சுவார்கள். நாய் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த அந்தச் சின்ன விஷயம், நாற்பது பேருக்கு அண்டாவில் காய்ச்சுகிறவளுக்குத் தெரியவில்லை. ஒரு கல் உப்புக்கூட நான் சேர்க்கவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வாசம் பிடித்து சோமி சந்து வழியாக வெளியே வந்தது. கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக் குடித்தது. மீனை நாராக நாராக மென்றது. கடைசியில் காலிக் கிண்ணத்தை நக்கித் தள்ளிக்கொண்டே அடுப்பு வரை போனது. புன்ஹீ தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லிடாதடி," என்றாள்.

அப்படிப் பதினோரு நாள். சோமி துள்ளிக்கொண்டு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தராசில் இருநூறு கிராம் கூடியிருந்தது. பார்த்தாயா என் கைப்பக்குவத்தை என்று அவள் மனசுக்குள் கொண்டாடினாள். கூடியது சதை இல்லை, தண்ணீர். அது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் நோட்டுக்குத் தெரிந்திருந்தது. இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பத்து ஒன்று. எண்ணைப் பார்த்து அவளுக்கும் உறுத்தியது. நன்றாகச் சாப்பிடுகிற நாய் நன்றாக மூச்சுவிடும், அதனால்தான் கூடுகிறது என்று ஒரு பேச்சைத் தானே உண்டாக்கித் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஹன்சோல் அம்மாவுக்குப் போன் செய்து ஏழு வருஷம் இருக்கும். "அம்மா, சோமி படுக்க மாட்டேங்குது. நாக்கு நீலமா இருக்கு," என்றான். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சோமி முன்னங்கால்களை அகற்றி ஊன்றி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே போய் ஒட்டியது. மூக்கில் இளஞ்சிவப்பாக நுரை. ஹன்சோல் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, பட்டப்பகலில், தெருவில் இறங்கி ஓடினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கலக்கத்திலும் புன்ஹீயின் மனசு ஒரு கணம் நின்று அதைக் கவனித்தது.

ஆஸ்பத்திரியில் நாயை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்து ஊசி போட்டார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்து, "தோ சோமி," என்று குடும்பப் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு ஹன்சோல்தான் முதலில் எழுந்தான். மருத்துவரின் பெயர் ஆன்; இளம் பெண், பொறுமைசாலி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வந்ததில்லை என்றாள். எட்டாம் தேதி ராத்திரி மாத்திரை நாற்பது நிமிஷம் தாமதமாகிவிட்டது, தூங்கிவிட்டேன், அதனாலா என்று ஹன்சோல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நாற்பது நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது என்றாள் அவள். பிறகு புன்ஹீயின் பக்கம் திரும்பினாள்.

"சோமி அம்மா, உப்பு ஏதாச்சும் உள்ள போயிருக்குமா? நம்ம ஊர்ல பாதிப் பேரு ஹ்வாங்தே சாறக் குடுத்துட்டுத்தான் இங்க வந்து நிக்கிறாங்க. நல்லா ஊறவெச்சு உப்ப எடுத்திருந்தாப் பரவால்ல. சும்மா அலசிட்டுக் காய்ச்சினா இந்த மாதிரி இதயத்துக்கு வெஷம். குடுத்திருந்தா சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். அதப் பொறுத்துத்தான் மருந்த முடிவு பண்ணணும்."

புன்ஹீயின் கையில் இன்னும் கருவாட்டு வாடை இருந்தது. மகன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்தில் அவன் அவளை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. சொன்னால் இந்தக் கண் என்ன ஆகும்? நாயை இனி அவளிடம் அண்டவிடுவானா? பேச்சு நின்றுபோகும், கதவு சாத்திக்கொள்ளும். பயம் அவள் வாயைப் பிடித்துத் திருப்பியது.

"இல்லைங்க," என்றாள். "அவன் குடுக்கற தீனி மட்டும்தான்."

ஹன்சோல் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டான். நாயை எண்ணித்தான் தவிக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

வெளியிலிருந்து காரணம் எதுவும் இல்லையென்றால் நோயே முற்றிவிட்டது என்றுதான் அர்த்தம் என்றாள் மருத்துவர். நீர் பிரிக்கும் மருந்தை இரண்டு மடங்காக்கி, இன்னொன்றையும் சேர்த்தாள். சிறுநீரகம் இதைத் தாங்க வேண்டும், ஆனால் வேறு வழியில்லை, மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் புன்ஹீ, இனி ஒரு சொட்டுச் சாறுகூடக் கிடையாது, அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டு வந்தாள். உப்பை நிறுத்தினால் போதும் என்று நினைத்தாள். உப்பை மறைத்ததால் கூட்டிய மருந்து, உப்பு நின்ற பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீர் வடிந்தது. மூச்சு இருபத்திரண்டுக்கு இறங்கியது. அந்த எண்ணை எழுதும்போது ஹன்சோல் சிரித்ததைச் சந்து வழியாகப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் சோமி வாந்தி எடுத்தது. வாயில் ஒரு புளித்த நாற்றம் வந்தது. மூன்றாம் நாள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் மருந்தைச் சட்டென்று குறைத்தாள், தோலுக்கடியில் நீர் ஏற்றினாள், ஏற்றியதை இதயம் தாங்கவில்லை. இதயத்தைப் பார்த்தால் சிறுநீரகம், சிறுநீரகத்தைப் பார்த்தால் இதயம். இதயம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, இப்படி ஏன் ஆனதென்று எனக்கே புரியவில்லை என்று அவள் சொன்னபோது புன்ஹீ சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் மறைத்ததை இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு சொல்வது?

பத்தாம் நாள் காலை, எட்டு மணி மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால், சோமி ஹன்சோலின் மடியில் செத்துப்போனது. அவன் அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தான். நோட்டில் அன்றைய தேதி போட்டு மூச்சு எட்டு என்று எழுதியிருந்தான், அதற்கப்புறம் கோடு. அன்று மதியமே நாய்களை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈரத்துணியால் அதன் கண்ணோரத்தையும் காதையும் துடைத்து, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, கடைசியாக ஒரு தடவை நகங்களைத் தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தான். வீட்டுக்கு வந்தான், அறைக்குள் போனான்.

கதவு மூடவில்லை. அதே ஒரு சாண். பழக்கமா, இல்லை வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. புன்ஹீ அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டு தொடப்படாமலே இருந்தது. உள்ளே அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்துத்தான் சாகிறான் என்று அவள் நம்பினாள். செய்தவள் இங்கே சோறு தின்றுகொண்டிருக்க, செய்யாதவன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு கிடக்கிறானே. ஐந்தாம் நாள் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே கதவுக்கு முன்னால் போய், சோமியின் மெத்தை கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஹன்சோல். உன் மாத்திரையால ஒண்ணும் ஆகலடா. நான்தான் சாறு குடுத்தேன். நீ தூங்கறப்ப. ஒரே தண்ணியில முக்கி எடுத்துட்டு, கடைக்கு வெக்கிற மாதிரியே வெச்சேன். நல்லா சாப்பிடுதேன்னு குடுத்தேன். என்னைய என்ன வேணா சொல்லு. உன்ன நீ ஒண்ணும் பண்ணிக்காத."

உள்ளே படுக்கை கிரீச்சிட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய பாதங்கள் வந்து நின்றன.

"தெரியும்மா," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"பல்லு தேய்க்கிறப்ப மொத நாளே கருவாட்டு நாரு வந்துச்சு. தினமும் வந்துச்சு. நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன், பதினோரு நாளும்."

"அப்ப ஏண்டா என்னத் தடுக்கல?"

"நீ வெக்கிற சாறாச்சே. இருபத்திரண்டு வருஷமா வெக்கிற. நீ உப்ப எடுத்துட்டுத்தான் குடுப்பேன்னு நெனச்சேன். அந்தப் பதினோரு நாளும் நீ சமையக்கட்டுல பாடிட்டிருந்த. நான் கேட்டுட்டுப் படுத்திருந்தேன்."

புன்ஹீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடினாளா? அவளுக்கே நினைவில்லை.

"தப்பு சாறு குடுத்தது இல்லம்மா," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். "டாக்டர் கேட்டாங்கல்ல. அப்ப உன் மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். அம்மா இப்ப சொல்லிடுவா, இப்ப சொல்லிடுவான்னு. நீ இல்லைங்கன்னுட்ட."

"பயந்துட்டேன்டா. நீ மறுபடியும் கதவச் சாத்திக்குவேன்னு."

"நானும் சொல்லல. வாயில வந்துச்சு. எனக்கு வெளியாளுங்க முன்னாடி பேச்சு வராது, அது உனக்குத் தெரியும். நீ சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லியிருந்தா அந்த மருந்த ரெண்டு மடங்கு ஆக்கியிருக்க மாட்டாங்க. சோமி உன்னையும் நம்பிச்சு, என்னையும் நம்பிச்சு."

அவள் சந்துக்குள் கையை நீட்டி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அவன் உதறவில்லை. குனிந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான், சோமியின் கால்விரல்களைப் பிரித்துப் பார்ப்பானே, அதே மெதுவோடு. அவளுடைய கையைச் சந்துக்கு வெளியே, மெத்தை கிடந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தான். கை நசுங்காதபடி பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை புன்ஹீ கடைக்குப் போனாள். கருவாட்டை நாலு தண்ணீர் மாற்றி ஊறவைத்தாள். சாறு சப்பென்றிருக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள்.